முதல் ஆம்ப்ளிஃபையருக்குப் பாகங்கள்: ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

ஆம்ப்ளிஃபையர் கட்டப் புறப்படும் பலரும் முதலில் ஐசியை (ஒலியைப் பெருக்கும் சில்லை) வாங்கிவிடுகிறார்கள். பிறகு கையில் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அதனோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். புகை வருவது அங்கேதான். வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஸ்பீக்கர், அதிலிருந்து வோல்டேஜ், அதிலிருந்து மற்ற எல்லாம். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது 8 ஓம் ஸ்பீக்கர், இரண்டு சேனல், சேனலுக்கு 15 வாட். ஓர் அறைக்கு இது தாராளம்.

படி 1: வோல்டேஜ்

வாட்டையும் ஓமையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 15 × 8 × 2 = 240; வர்க்கமூலம் சுமார் 15.5. அவுட்புட்டில் வேண்டிய உச்ச வோல்டேஜ் இதுதான். ஐசி தனக்கென்று 3 வோல்ட் பிடித்துக்கொள்ளும் என்று வையுங்கள். ஆக, முழுச் சத்தத்திலும் சப்ளை ±18.5 வோல்ட்டில் (பிளஸ் பக்கம் 18.5, மைனஸ் பக்கம் 18.5) நிற்க வேண்டும். உச்ச கரண்ட் 15.5 ÷ 8, அதாவது 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு.

15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், அதாவது நடுக்கம்பியின் இருபுறமும் 15 வோல்ட் ஏசி தருவது, இதற்குப் பொருந்தும். ஏசியின் உச்சம் 15 × 1.414 = 21.2, டயோடில் 1 வோல்ட் போனால் 20, ரிப்பிளுக்கு (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்துக்கு) கொஞ்சம் கழித்தால் ஏறத்தாழ நமக்கு வேண்டியது மிஞ்சும்.

படி 2: ஐசி

முதல் முயற்சிக்குத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டும் சர்க்யூட் வேண்டாம். பயாஸ் கரண்டை (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் கரண்டை) சரியாக வைக்காவிட்டால் சூடு ஏற, கரண்ட் ஏற, மேலும் சூடு ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். எல்எம்1875 போன்ற ஐந்து கால் ஐசியில் அந்தத் தலைவலி இல்லை. அதன் மொத்த வோல்டேஜ் எல்லை 60, அதாவது ±30.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லோடு இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 10 முதல் 15 சதவீதம் அதிகம் தரும். 15-0-15 அப்போது ±23 அல்லது 24 காட்டும், கவலை இல்லை. 18-0-18 போட்டால் ±28, 29 வரை போகும். மெயின்ஸ் கொஞ்சம் ஏறினாலே எல்லை தாண்டும். கூடுதலாகக் கிடைக்கும் சில வாட்டுகள் காதுக்குத் தெரியவே தெரியாது.

போலி ஐசிகளும் உண்டு. டிடிஏ2030-க்கும் கால் வரிசை இதேதான், ஆனால் அதன் எல்லை ±18 வோல்ட். அதன் மேல் வேறு பெயரை அச்சடித்து விற்றால் நம் சப்ளையில் அது தாங்காது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

படி 3: பவர் சப்ளை

டிரான்ஸ்ஃபார்மர்: இரண்டு சேனலுக்கும் சேர்த்து 75 முதல் 80 விஏ (வோல்ட் × ஆம்பியர்). 15-0-15, 2.5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது 30 × 2.5 = 75 விஏ. 230 வோல்ட் மெயின்ஸ் பக்கத்தில் 630 மில்லிஆம்பியர் ஃபியூஸ், மெதுவாக உருகும் வகை. வேகமாக உருகும் வகை போட்டால் சுவிட்ச் போட்ட கணமே போய்விடக்கூடும்.

பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு): 200 வோல்ட், 6 ஆம்பியர். 1என்4001 டயோடு 50 வோல்ட்தான் தாங்கும். இங்கே டயோடின் மேல் எதிர்த்திசையில் வரும் உச்ச வோல்டேஜே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடும்.

ஃபில்டர் கெப்பாசிட்டர்: இரண்டு சேனலும் முழுச் சத்தத்தில் ஓடினால் ஒவ்வொரு ரெயிலிலும் (பிளஸ், மைனஸ் சப்ளை வரிகளில்) சராசரியாக 1.3 ஆம்பியர் போகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4700 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிள் 2.7 வோல்ட், 10000 போட்டால் 1.3. பக்கத்துக்கு 6800 நல்ல நடுவழி. 25 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்காதீர்கள். லோடு இல்லாத 24 வோல்ட்டும் மெயின்ஸ் ஏற்றமும் சேர்ந்தால் அது வீங்கும். 35 வோல்ட், 105 டிகிரி வகை.

படி 4: ஹீட்சிங்க்

ஐசியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு இது; எல்லோரும் கண்ணளவில் எடுப்பது இதைத்தான். ஆனால் கணக்கு எளிது. மொத்த வோல்டேஜின் (±20 என்றால் 40) வர்க்கத்தை, ஓமின் 20 மடங்கால் வகுங்கள். 40 × 40 = 1600; 8 × 20 = 160; ஆக 10 வாட் வெப்பம். சும்மா இருக்கும்போதே ஐசி இழுக்கும் 70 மில்லிஆம்பியருக்காக இன்னும் 3 வாட். மொத்தம் 13. வேடிக்கை என்னவென்றால், இந்த உச்ச சூடு முழுச் சத்தத்தில் வராது. இங்கே முழுப் பவரில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் ஓடும்போதுதான் வரும்.

பெட்டிக்குள் 40 டிகிரி, ஐசிக்குள் 150-தான் எல்லை. மிச்சம் 110-ஐ 13-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 8.5 டிகிரி. ஐசிக்குள்ளேயே 3, ஐசிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் வைக்கும் மைக்காவிலும் பேஸ்டிலும் 1 போய்விடும். எஞ்சுவது 4.5. இரண்டு ஐசியும் ஒரே ஹீட்சிங்கில் என்றால் அதில் பாதி. ஆகவே வாட்டுக்கு 2 டிகிரி அல்லது அதற்கும் குறைவான மதிப்புள்ளதை எடுங்கள்.

ஐசியின் உலோக முதுகு மைனஸ் ரெயிலோடு இணைந்தது. மைக்கா வாஷரும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் முடுக்கினால், எர்த் செய்த பெட்டி வழியாக ஷார்ட் ஆகும். முடுக்கியதும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

படி 5: சிறு பாகங்கள்

கெயின் (சிக்னல் எத்தனை மடங்காகும் என்பது): ஃபீட்பேக்கில், அதாவது அவுட்புட்டிலிருந்து ஐசியின் இன்புட்டுக்குத் திரும்பும் வழியில், 20 கிலோஓம், கிரவுண்ட் பக்கம் 1 கிலோஓம், கெயின் 21. அரை வோல்ட் சிக்னலுக்கே முழுப் பவர் வரும். கெயினை 10-க்குக் கீழே இறக்கினால் இந்த ஐசி ஆசிலேட் ஆகக்கூடும், அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அதிரும். ரெசிஸ்டர்கள் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட்.

அந்த 1 கிலோஓமுக்குத் தொடராக 22 மைக்ரோஃபாரட். இதை விட்டுவிட்டால் ஐசியின் சிறு டிசி வோல்டேஜ் பிசகும் 21 மடங்காகி ஸ்பீக்கருக்குப் போகும்.

இன்புட்டில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், அதை அடுத்துக் கிரவுண்டுக்கு 22 கிலோஓம். ஒலி 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

ஆசிலேட் ஆவதைத் தடுக்க, அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் தொடராக. ரெசிஸ்டர் கம்பி சுற்றியதாக இருக்கக் கூடாது. அதன் இண்டக்டன்ஸ் வந்த வேலையைக் கெடுத்துவிடும்.

ஐசியின் பிளஸ், மைனஸ் கால்களுக்கு ஓரிரு சென்டிமீட்டருக்குள் 0.1 மற்றும் 100 மைக்ரோஃபாரட். பாட்டே ஓடாதபோது ஐசி கொதித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

வால்யூம்: 10 கிலோஓம், லாக் (மடக்கை) வகை. லீனியர் போட்டால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும், பிறகு ஏறவே ஏறாது.

படி 6: ஸ்பீக்கர் மாட்டும் முன்

மெயின்ஸில் 60 வாட் இழை பல்பைத் தொடராக வைத்து ஆன் செய்யுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள். பிரிட்ஜோ ஃபில்டர் கெப்பாசிட்டரோ திருப்பிப் போட்டிருக்கலாம், இல்லையென்றால் மைக்கா சரியாக இல்லாமல் ஷார்ட் ஆகியிருக்கலாம். அடுத்து ரெயில்களைப் பாருங்கள்: இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்து அவுட்புட்டில் டிசி அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் வர வேண்டும். சில வோல்ட் காட்டினால் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் சால்டரைப் பாருங்கள். அது சரியாகும் வரை ஸ்பீக்கர் தள்ளியே இருக்கட்டும்.