மொபைல் படத்தை 12×18 பிரிண்ட் போடுவது எப்படி?

போனில் பளிச்சென்று தெரிந்த படம், ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியதும் மாவு பூசியது மாதிரி மங்கலாக நிற்கும். பழி ஸ்டுடியோக்காரர் மேல் விழும், அல்லது போன் மேல். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. படம் போனிலிருந்து கடைக்குப் போன வழியில்தான் கெட்டிருக்கும்.

படி 1: பிக்சலை எண்ணுங்கள்

கேலரியில் படத்தைத் திறந்து ‘டீடெயில்ஸ்’ பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000×3000 என்று இருக்கும். நீளப் பக்கத்தின் பிக்சலை பிரிண்டின் நீள அங்குலத்தால் வகுங்கள். 4000-ஐ 18-ஆல் வகுத்தால் 222. கையில் வைத்துப் பார்க்கும் 4×6 படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 தாராளம். ஆக, சாதாரண 12 மெகாபிக்சல் போனே 12×18-க்குப் போதும்.

எடிட்டிங் ஆப்பில் ‘300 டிபிஐ’ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று எண்ணை மட்டும் மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. இருக்கும் பிக்சல்தான் இருக்கும்.

படி 2: அசல் ஃபைலைக் கொண்டுபோங்கள்

பாதிப் படங்கள் இங்கேதான் வீணாகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 4000 பிக்சல் படம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 1600-ஐ 18-ஆல் வகுத்தால் 89-கூட வராது. போன் திரையில் இது தெரியாது, திரை சிறியது. பேப்பரில் கண்ணிமை முடி எல்லாம் ஒரே தீற்றலாகிவிடும்.

கையில் இருப்பது அசலா என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த ஃபைலின் பெயரில் ‘டபிள்யூ, ஏ’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அடுத்தது எடை: அசல் பெரும்பாலும் 2 முதல் 6 எம்பி இருக்கும், சுருங்கியது சில நூறு கேபிதான்.

சித்தப்பா போனில் எடுத்த படம் என்றால், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. பென் டிரைவ், கூகுள் டிரைவ் லிங்க், கேபிள் எதுவும் சரிதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம்.

ஐபோனில் எடுத்த ‘ஹெச்இஐசி’ ஃபைல் சில கடைகளில் திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துவிட்டால், அதன்பின் எடுப்பவை ஜேபெக் ஆகவே சேமிக்கப்படும்.

படி 3: எடுக்கும்போது

லென்ஸைத் துடையுங்கள்; விரல் பிசுக்குதான் வெளிச்சத்தைப் புகை மாதிரி பரப்புகிறது. பின்பக்க மெயின் கேமராவில் 1எக்ஸ் வைத்து எடுங்கள். விரலால் இழுத்து ஜூம் செய்யாமல் இரண்டடி முன்னே போங்கள். பியூட்டி ஃபில்டரை அணையுங்கள்: திரையில் மெருகாகத் தெரியும் தோல், பெரிய பிரிண்டில் மெழுகு பொம்மையாகிவிடும்.

படி 4: வெட்டு எங்கே விழும்?

போன் படத்தின் நீள-அகல விகிதம் 4:3. 4×6, 12×18 பேப்பர்கள் 3:2. படுக்கை வாட்டில் எடுத்த குடும்பப் படத்தில் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பின்வரிசையில் நிற்பவரின் தலையோ, முன்வரிசையின் பாதமோ வெட்டுப்படுவது இதனால்தான். போனிலேயே 3:2-க்கு கிராப் செய்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். வெட்ட இடமே இல்லையென்றால் 12×16 கேளுங்கள், அது சரியாக 4:3.

படி 5: வெளிச்சம்

திரை தானே ஒளி விடும், பேப்பர் விடாது. அதனால் பிரிண்ட் எப்போதும் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். ஆட்டோ பிரைட்னஸ், திரையை மஞ்சளாக்கும் ஐ கம்ஃபர்ட் இரண்டையும் அணைத்து, பிரைட்னஸைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். முகம் இருட்டாகத் தெரிந்தால், எடிட்டிங்கில் இருண்ட இடங்களை மட்டும் வெளிச்சமாக்கும் ‘ஷேடோ’வைச் சற்று ஏற்றுங்கள். மொத்தப் படத்தையும் வெளுக்கவிட வேண்டாம். வெளுத்துப்போன வேட்டியில் மடிப்பு திரும்ப வராது.

படி 6: ஒரு 4×6 சோதனை

ஒரு 12×18 தாளில் ஒன்பது 4×6 அடங்கும். எனவே 3:2 ஆக்கிய படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்கு வருமாறு முக்கியமான முகத்தைச் சுற்றி கிராப் செய்து, அதை மட்டும் 4×6 போடுங்கள். பெரிய படத்தில் அந்த முகம் எப்படி வருமோ அச்சு அசலாக அப்படியே கையில் கிடைக்கும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபைல் சுருங்கியது, அசலைத் தேடுங்கள். பொடிப்பொடியாக இருந்தால் வெளிச்சம் போதாமல் எடுத்தது. 8×12-க்கு இறங்கினால் தப்பிக்கலாம். விளிம்பு இரட்டையாக இருந்தால் கை ஆடியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, வேறு படம் பாருங்கள். ஏஐ ஆப்பில் தெளிவாக்கலாமே என்றால், அது இல்லாத இமையையும் பல்லையும் தானே வரைந்து வைக்கும். தாத்தா வேறு யாரோ மாதிரி ஆகிவிடுவார்.

படி 7: கடையில்

கலரை நீங்களே சரிசெய்திருந்தால் ‘ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டப்போகும் படத்துக்குப் பளபளப்பில்லாத மேட் பேப்பர் கேளுங்கள். பளபளக்கும் கிளாஸியில் ஜன்னல்தான் தெரியும். ஃபிரேமில் கண்ணாடி போட்டால், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வரும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைக்கால ஈரத்தில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தின் மேல்பூச்சும் உரிந்து வரும்.