"வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள்: சிறு தொழிலுக்கான சந்தை ஆய்வு

கோவை, திருப்பூர் பக்கம் சிறு தொழில்களுக்குச் சந்தை ஆய்வு செய்து கொடுப்பது என் வேலை. ஆய்வு என்றதும் பலரும் நேராகக் கேள்வித்தாள் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால், என்ன முடிவெடுக்கப் போகிறோம், எந்தப் பதில் வந்தால் எந்தப் பக்கம் போவோம் என்பதைத் தாளில் எழுதுங்கள். எந்தப் பதில் வந்தாலும் முடிவு மாறாது என்றால் ஆய்வே வேண்டாம், அந்தப் பணம் மிச்சம்.

திருப்பூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதுவரை ஒரு கிலோ பாக்கெட் மட்டும்தான். பனியன் கம்பெனி ஆட்கள் அறை எடுத்துத் தங்கும் பகுதிகளுக்கு அரைக்கிலோ போடலாமா, அதற்கு இன்னொரு பாக்கிங் மெஷின் வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி. முதல் வேலையாக, மெஷினுக்கான தவணை கட்டுப்படியாக ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கூடுதலாக விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்வேன். அந்த எண்ணை ஆய்வுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால், ஆசைப்பட்ட முடிவுக்குத் தோதாக எண் வளைந்துவிடும்.

அடுத்தது சப்ளை நோட்டு. கடை வாரியாக, கிழமை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரில் சனிக்கிழமை மாலையும் புதன்கிழமை மாலையும் ஒன்றல்ல. விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதையும் குறியுங்கள்.

வெளித் தகவலும் இலவசமாகவே கிடைக்கிறது. மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுப்படி, 2022-23இல் நகரத்தில் ஒருவரின் மாதச் செலவு அகில இந்திய அளவில் சராசரியாக 6,459 ரூபாய், தமிழ்நாட்டில் 7,630 ரூபாய். அகில இந்தியக் கணக்கை வைத்து இங்கே விலை வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். ஆனால் ஒரு தெருவில் மாவு விற்குமா என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. அதற்குக் கடையில் போய் நிற்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, மாலை ஆறு மணியிலிருந்து கடை சாத்தும் வரை ஓரமாக நின்று பாருங்கள். யார் மாவைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்? யார் தேதியைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அப்புறம்தான் பேச்சு. "அரைக்கிலோ வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "வாங்குவோமுங்க" என்று மரியாதைக்குச் சொல்வதை நம்பி மெஷின் வாங்க முடியாது. நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக மாவு எப்போது வாங்கினீர்கள், எத்தனை நாள் வந்தது, மிச்சத்தை என்ன செய்தீர்கள்? அறையில் ஃபிரிட்ஜ் இல்லாதவர் மாவு புளித்துவிட்டதைச் சொல்வார். அப்போது அளவு மட்டுமா சிக்கல், காலையில் அரைத்ததை மாலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு வழியா என்று யோசிக்க இடம் கிடைக்கும். மாவே வாங்காமல் மெஸ்ஸில் சாப்பிடுபவரிடமும் பேசுங்கள். வாங்குபவரிடம் மட்டும் பேசினால் பாதிக் கதைதான் தெரியும்.

கேள்வி தப்பினால் எண்ணிக்கை காப்பாற்றாது. 1985இல் கோகோ கோலா சுமார் இரண்டு லட்சம் பேருக்குப் புதிய சுவையைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பழையதை நிறுத்தியது. சுவை பிடித்தது உண்மை. பழையது கிடைக்காமல் போனால் மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது சரியாக விசாரிக்கப்படவில்லை. மூன்று மாதத்துக்குள் பழைய கோலாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கடைசியாக, காசு கொடுத்து வாங்க வைத்துப் பார்ப்பது. மெஷின் வேண்டாம், கையால் சீல் வைத்த பாக்கெட் போதும். விலை, நிகர எடை, தேதி, உணவு உரிம எண் எல்லாம் சோதனை பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். சில கடைகளில் மட்டும் அரைக்கிலோ போடுங்கள். அதே அளவு வியாபாரம் உள்ள வேறு சில கடைகளில் போடாமல் விட்டு ஒப்பிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் வேண்டாம், ஊரே காலியாகிவிடும்.

கணக்குப் பார்க்கும்போது அரைக்கிலோ எத்தனை போனது என்பதோடு நிற்காதீர்கள். அதே கடையில் ஒரு கிலோ பாக்கெட் எவ்வளவு குறைந்தது? ஒரு கிலோ வாங்கியவரே அரைக்கிலோவுக்கு இறங்கியிருந்தால் மாவு கூடுதலாகப் போகவில்லை, கவர் செலவும் கூலியும்தான் கூடியிருக்கிறது. மொத்த கிலோவையும் ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதல் நாள் எழுதிய எண்ணோடு வைத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால் மெஷினுக்கு விலை கேட்கலாம். சோதனை மார்கழிக் குளிரில் நடந்திருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் சித்திரை வெயிலில் அதே கடைகளில் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும், ரிட்டர்ன் கணக்கு அப்போது வேறு மாதிரி வரும்.