ஹிட் காமெடியை டிவிக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவி காமெடி நிகழ்ச்சிக்குப் புதிதாக எழுத வருகிறவர்களின் ஸ்கிட்டை (சில நிமிடக் குறுநாடகத்தை) புரட்டினால் முதல் பக்கத்தில் ஒரு வடிவேலு வசனம், மூன்றாம் பக்கத்தில் ஒரு கவுண்டமணி வசனம், கடைசியில் எல்லோரும் எல்லோரையும் துரத்துகிறார்கள். முந்தைய செட்டும் இதையேதான் எழுதியது. அதற்கு முந்தைய செட்டும். மைக்கை மறைக்காதே, எதிராளி பஞ்ச் பேசும்போது அசையாதே என்பதையெல்லாம் ரிகர்சலில் யாராவது திட்டியே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம். யாரும் திட்டாமலே எபிசோடை விழுங்கிவிடும் தவறுகள் சில இருக்கின்றன.

வசனம் வந்தது, காட்சி வரவில்லை

எரிச்சல் மாறாத தவறு இது. ஒரு படத்தின் காமெடி ஊருக்குள் பரவினால், பரவியது அந்த வசனம்தான் என்று எழுதுபவர் நம்பிவிடுகிறார். உண்மையில் பரவுவது ஒரு நிலைமை. வசனம் அதன்மேல் ஒட்டிய லேபிள்.

‘ஆணி’ என்ற சொல்லைப் பாருங்கள். 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி தன் ஆட்களைத் திட்டும்போது வந்த சொல். சில வருடங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் “இன்னைக்கு ஆணி அதிகம்” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சுத்தியலும் இல்லை, சுவரும் இல்லை. மேலே ஒருவர் கத்துகிறார், கீழே ஒருவர் யாருக்கும் வேண்டாத வேலையை மும்முரமாகச் செய்கிறார் என்ற உறவு மட்டும் அப்படியே ஆபீசுக்குப் பொருந்தியது. சொல் அதைப் பிடித்துக்கொண்டு போனது.

இப்போது வாழைப்பழத்துக்கு வருவோம். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். இதை வைத்து ஸ்கிட் எழுதச் சொன்னால் புதியவர் பழத்தை எடுத்துவிட்டுச் சார்ஜரை வைப்பார். முதலாளி இரண்டு சார்ஜர் வாங்கிவரச் சொல்வார், பையன் ஒன்றோடு வருவான், அதே கேள்வி, அதே பதில். ஸ்டுடியோவில் பழைய படத்தின் ஞாபகத்துக்காக ஒரு சிரிப்பு வரும். அடுத்த மூன்று நிமிடம் சிரிப்பே வராது.

ஏன் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூலக் காட்சியில் நான்கு ஆணிகள் அடித்திருக்கிறார்கள் (இவை தேவையான ஆணிகள்). முதலாவது, ‘இன்னொன்று’ என்ற சொல்லே வழுக்கும் சொல். எதை முதலில் எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து அது இடம் மாறும். அதனால் செந்தில் சொல்வதில் பொய்யே இல்லை. இரண்டாவது, காணாமல் போன பொருள் திரும்பி வரவே முடியாது, வயிற்றுக்குள் போய்விட்டது. சார்ஜர் எங்கேயோ இருக்கும், தேடினால் கிடைக்கும். பார்ப்பவர் மனம் தேடப் போய்விடுகிறது. மூன்றாவது, நஷ்டம் ஐம்பது காசு, கோபம் கொலை அளவுக்கு. சார்ஜர் ஆயிரம் ரூபாய் என்றால் கோபம் நியாயமாகிவிடும், நியாயமான கோபத்துக்கு யார் சிரிப்பார்கள்? நான்காவது, பதில் சொல்பவரின் தொனி கடைசிவரை மாறுவதில்லை. அவர் தான் நகைச்சுவை செய்வதாகவே நினைக்கவில்லை.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு பழத்தையும் வசனத்தையும் தூக்கி எறியுங்கள். பேரன் அவசரமாக டிக்கெட் போடுகிறான். ஓடிபி தாத்தா போனுக்கு வருகிறது. தாமதமானதால் இரண்டாவது முறை அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டான், ஆக இரண்டு வந்துவிட்டன. ‘ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு’ என்று தாத்தா ஒன்றை அழித்துவிட்டார். மிச்சமிருப்பதை வாசிக்கிறார். தப்பு என்கிறது திரை.

“இது இல்ல தாத்தா, இன்னொண்ணு.”

“இன்னொண்ணுதாம்ப்பா இது.”

“அப்ப மொதல் ஒண்ணு எங்க?”

“மொதல் ஒண்ணு இருந்தாத்தானப்பா இது இன்னொண்ணு ஆகும்? அதத்தான் அழிச்சாச்சே.”

திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. தாத்தா நிதானமாகக் கண்ணாடியைத் துடைக்கிறார். பழம் ஞாபகம் வந்தவர் கூடுதலாகச் சிரிப்பார், வராதவரும் சிரிப்பார். அந்த இரண்டாவது ஆள்தான் முக்கியம்.

செய்யும் முறை பெரிய வித்தை இல்லை. மூலக் காட்சியை வசனமே இல்லாமல் நான்கு வரியில் எழுதுங்கள்: யார் மேல், யார் கீழ், நடுவில் என்ன பொருள், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு இடத்தை மாற்றுங்கள். அதன்பின் பிரபல வசனம் ஒன்றுகூட இல்லாமல் முழு ஸ்கிட்டையும் எழுதி, படம் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் இரண்டு இடத்திலாவது சிரித்தால் தேறியது. வேண்டுமானால் அப்போது வசனத்தை ஒரே ஒரு முறை, கடைசிக் கால்பகுதியில் சேர்க்கலாம். வசனத்தில் ஆரம்பித்தால் உச்சத்தில் ஆரம்பிக்கிறீர்கள், அதற்குமேல் ஏற இடம் கிடையாது.

சினிமாக்காரர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. 2003இல் ‘வின்னர்’ படத்தில் வந்த சங்கத்தின் பெயர் 2013இல் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்று தனிப்படமானது. ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து வந்த சிவகார்த்திகேயன்தான் நாயகன். 2006இல் ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு சொன்னது 2015இல் ‘நானும் ரௌடிதான்’ ஆனது. 1993இல் ‘ஜென்டில்மேன்’ படத்தில் வந்த விளையாட்டின் பெயர் 2021இல், ‘லொள்ளு சபா’வில் பெயர் வாங்கிய சந்தானம் நடித்த ‘டிக்கிலோனா’ ஆனது. மூன்றிலும் எடுத்துக்கொண்டது பெயர்தான். கதை புதிது.

குரலைப் பிடித்தால் ஆள் வந்துவிடும்

மிமிக்ரி தெரிந்தவர்கள் விழும் குழி. ‘வின்னர்’ படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளயின் நடை, இழுவை, முறைப்பு எல்லாம் அச்சாக வரும், ஆனால் சிரிப்பு வராது. அந்தப் பாத்திரம் மூன்று படியில் நடக்கிறது: சவடால், அடி, சமாளிப்பு. தரையில் கோடு போட்டு, தாண்டக் கூடாது என்று எதிராளியிடம் ஒப்பந்தம் பேசுகிறவர் அவர். அந்த நம்பிக்கைதான் விழப்போகும் அடிக்கு எடை கொடுக்கிறது.

நான்கு நிமிட ஸ்கிட்டில் புதியவர்கள் அடிக்கு மூன்று நிமிடம் கொடுக்கிறார்கள். மாற்றிப் போடுங்கள். சவடாலுக்கு இரண்டு நிமிடம். அடி கதவுக்குப் பின்னால், பத்து விநாடி, வெறும் சத்தம். ஸ்டன்ட் ஆள் செலவும் மிச்சம். மீதி முழுக்கச் சமாளிப்பு: சட்டை கிழிந்த நிலையில் அதே கெத்தோடு வெளியே வந்து டீ கேட்க வேண்டும்.

காமெடிப் படத்தையே ஸ்பூஃப் செய்வது

ஸ்பூஃபுக்கு, அதாவது ஒரு படத்தைப் பகடியாக நடித்துக் காட்டுவதற்கு, முறைப்பான ஆள் வேண்டும். ‘லொள்ளு சபா’ வெளுத்து வாங்கியதும், 2010இல் ‘தமிழ்ப்படம்’ பிழைத்துக்கொண்டதும், தங்களைப் பற்றி மிகவும் சீரியஸாக நினைத்துக்கொண்ட நாயகர்களை வைத்துத்தான். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் படத்தை நீங்கள் என்ன கிண்டல் செய்வீர்கள்? ஹிட் காமெடிப் படத்தை அப்படியே ஸ்பூஃப் எடுத்தால் அது மட்டமான மறுபதிப்பாகத்தான் முடியும். செய்தே ஆக வேண்டும் என்றால் திருப்புங்கள். அந்தக் காமெடிக் காட்சியைப் புலனாய்வுச் செய்தி போலவோ நீதிமன்ற விசாரணை போலவோ முகம் மாறாமல் நடத்துங்கள்.

2019 மே மாதக் கடைசியில் நடந்தது இதுதான். இந்தக் கருவிக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று சுத்தியல் படத்தோடு ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு. அதன் பெயர் சுத்தியல், ஜமீன் அரண்மனையில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்று ஒரு தமிழர் பதில் போட்டார். இப்போது எப்படி இருக்கிறார் என்று அடுத்தவர் கேட்டார். அவ்வளவுதான், பிரார்த்தனை ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. 18 வருடத்துக்கு முந்தைய காட்சி. இது எந்தப் படம், யார் நேசமணி என்று அதில் கலந்துகொண்டவர்கள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, உண்மையிலேயே ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல நடந்துகொண்டார்கள். இதையே ஸ்கிட்டாக எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே “டேய், அது ஃப்ரண்ட்ஸ் படத்துல வர்ற கேரக்டர்டா” என்று எழுதிக் கொன்றுவிடுகிறார்கள்.

படம் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு

படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், காமெடித் துண்டைப் பார்த்திருப்பார்கள். ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி சேனல்கள் காமெடியை மட்டும் வெட்டி நாள் முழுக்க ஓடவிட்டதில் ஒரு தலைமுறைக்குக் காட்சி மனப்பாடம், கதை தெரியாது. ஆகவே இடைவேளைத் திருப்பத்தையோ நாயகியின் அண்ணனையோ நம்பி ஜோக் வைக்காதீர்கள்.

கறுப்பு, குண்டு, சொட்டை

தோற்றத்தைக் கேலி செய்யும் ஜோக் பழைய படத்தில் இருந்தது என்பது காரணம் ஆகாது. வெட்டுங்கள்.

சிரிப்புச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்

சேர்க்கலாம். அசடு இன்னும் நன்றாக வழியும்.

பத்து விநாடிதானே, யார் கேட்கப்போகிறார்கள்

படத்துண்டு இத்தனை விநாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 52ஆவது பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பகடி என்று தனியாகச் சொல்லவில்லை. படத்துக்கான உரிமை வெளியான வருடம் முடிந்து 60 ஆண்டு. 1989 படம் என்றால் 2049 முடியும்வரை.

காட்சியின் அமைப்பை எடுத்துப் புதிதாக நடிப்பது வேறு, படத்துண்டை ஓடவிடுவது வேறு. துண்டுதான் வேண்டும் என்றால் ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் படம், வருடம், காட்சி, எத்தனை விநாடி, அடியில் பிஜிஎம் (பின்னணி இசை) ஓடுகிறதா என்று எழுதிச் சேனலின் சட்டப் பிரிவுக்குக் கொடுங்கள். பிஜிஎம் விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். படத்தின் உரிமை ஒருவரிடமும் இசையின் உரிமை வேறொருவரிடமும் இருக்கலாம். டிவியில் சத்தமில்லாமல் தாண்டிவிட்ட எபிசோடை யூட்யூபில் ஏற்றியதும் இசைக்காரர் பக்கமிருந்து கிளெய்ம் (உரிமைகோரல்) வந்து நிற்கும்.