விமானப் படம் வரைவோருக்கு: முதலில் கோணத்தைத் தீர்மானியுங்கள்

கல்லடியில் எங்கள் சனசமூக நிலையத்தின் ஓவியப் போட்டிக்காக ராடாரில் எளிதில் சிக்காத போர் விமானம் வரையும் பிள்ளைகள் பலர், இறக்கைக்கு ஒரு கோணமும் வாலுக்கு வேறொரு கோணமும் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்-22 விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பும் கிடைவாலின் முன்விளிம்பும் ஒரே 42 பாகையில் பின்சாய்ந்திருப்பதால், ராடார் அலைகள் எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒருசில திசைகளிலேயே தெறிக்கின்றன. ஆகவே அடிமட்டத்தை அசையாமல் பிடித்து, அதன் ஓரமாக மூலைமட்டத்தை நகர்த்தி, இறக்கைக் கோட்டுக்கு இணையாகவே வால் கோட்டையும் மெல்லிதாகப் பென்சிலால் வரையுங்கள். இறக்கையின் கீழ் ஏவுகணைகளைத் தொங்கவிடாதீர்கள். அவை வயிற்றறைக்குள் இருக்க வேண்டியவை. அவ்வறைக் கதவின் முன், பின் ஓரங்களை மரவாளின் பல்லைப் போல வரைந்தால் படம் மெய்யாகத் தோன்றும்.