பதில் வர ஒரு நாள் ஆகும் என்றால்

வெவ்வேறு நேர மண்டலங்களில் இருக்கும் எங்கள் மென்பொருள் டீமில் பாதிப் பேர் வேலையை முடிக்கும்போதுதான் மறுபாதி லாகின் செய்வார்கள். "ஏபிஐ வேலை செய்யவில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு வரி வரும். (ஏபிஐ என்பது மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி.) எந்த ஏபிஐ, என்ன எரர் என்று திருப்பிக் கேட்டால் விடை மறுநாள்தான். சின்ன பக் (மென்பொருள் பிழை) கூட நாள்கணக்கில் இழுக்கும். மீட்டிங்குகளைக் கூட்டிப் பார்த்தோம். யாராவது ஒருவருக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அப்புறம் கேள்வி எழுதும் விதத்தையே மாற்றினேன். "ஸ்டேஜிங்கில் லாகின் ஏபிஐ 401 தருகிறது. டோக்கன் காலாவதியாகவில்லை, பார்த்துவிட்டேன். சர்வர் கடிகாரம் முந்தி ஓடுகிறதோ என்று சந்தேகம். லாக் கீழே. பதில் வரும்வரை டெஸ்ட் எழுதுகிறேன்." (ஸ்டேஜிங் என்பது வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் இடம்; 401 என்பது அடையாளம் ஏற்கப்படவில்லை என்ற எரர்; டோக்கன் என்பது நுழைவுச்சீட்டு மாதிரி, சர்வர் கடிகாரம் முந்தி ஓடினால் செல்லும் டோக்கனும் காலாவதியானதாகத் தெரியும்; லாக் என்பது நடந்தவற்றின் பதிவு.) படிப்பவர் நேராக வேலையில் இறங்கலாம். எனக்கு அந்தச் செய்தியின் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம்: நான் சும்மா காத்திருக்கவில்லை என்று தெரிந்தால் அவருக்கும் பதற்றம் இல்லை.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) குறிக்கிறோம். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்களே, அந்தக் குழப்பம் தீர்ந்தது. 03/04 என்பது சிலருக்கு மார்ச், சிலருக்கு ஏப்ரல் என்பதால் தேதியை 2025-04-03 என்று ஆண்டு-மாதம்-நாள் வரிசையிலேயே எழுதுகிறோம். போனில் பேசி முடிவானதை அன்றே டிக்கெட்டில் (அந்த வேலைக்கான பதிவில்) எழுதிவிடுகிறோம், காரணத்தோடு.