ஆற்றோர மலை விடுதியில் முதன்முறை தங்கப் போகிறவர்களுக்கு

ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி விருந்தினருக்கு விடும். ஜன்னலைத் திறந்தால் கீழே ஆறு. இப்படிப்பட்ட இடத்தில் வரவேற்பு மேசை கிடையாது, நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடிவர ஆள் கிடையாது. சமைப்பவரும் துவைப்பவரும் விறகு பிளப்பவரும் அந்த வீட்டுக்காரர்களேதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் போனில் பேசுங்கள்

இணையத்தில் அறையைப் பதிவு செய்துவிட்டாலும் ஒரு தடவை வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். என் முதல் பயணத்தில் நான் பேசவில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து விடுதிக்கு ஒற்றையடிப் பாதை என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சக்கரம் வைத்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இருட்டில் படி படியாக இறங்கினேன்.

வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், சுடுதண்ணீர் எந்த நேரத்தில் கிடைக்கும், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, பணத்தை ரொக்கமாகத்தான் தர வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது: “பெரிய வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது?” அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது துல்லியமாகத் தெரியும். அந்த அளவுக்கு மேலே இருக்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள். ஆற்றை ஒட்டிய அறைதான் அழகு என்று தோன்றும். மழைக்காலத்தில் எனக்கு மேல்மாடி அறை போதும்.

2. உயரத்தைப் பாருங்கள்

விடுதி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்கள், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாமல் கூடிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

குளிருக்கும் இதே கணக்கு உதவும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று உடைகள் வசதி. அப்புறம் டார்ச், பவர் பேங்க், வழுக்காத செருப்பு, முன்கூட்டியே போனில் இறக்கிவைத்த வரைபடம். போதும்.

3. வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள்

பள்ளத்தாக்கில் சூரியன் சீக்கிரமே மலை முகட்டுக்குப் பின்னால் போய்விடும். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தின் அடியில் தேங்கும். அதனால் தெளிந்த இரவில் ஆற்றோர வீடு, சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டைவிடக் கூடுதலாகக் குளிரலாம். இன்னொரு கம்பளி வேண்டுமென்றால் வீட்டுக்காரர் தூங்கப் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கணப்புச் சட்டியையோ கரி அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு மட்டும் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

4. ஆற்றோடு பழகுங்கள்

பையை வைத்ததும் கரைக்குப் போங்கள், ஆனால் காலை நனைக்காதீர்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பனி உருகி வரும் ஆறு ஒன்றில் நான் இப்படிக் குறித்த கல், காலையில் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் உச்சிக்கு மேல் நுரை ஓடிக்கொண்டிருந்தது. மேலே பகலெல்லாம் உருகிய பனி, மதியத்துக்குப் பிறகுதான் கீழே வந்து சேர்கிறது. காலையில் சுலபமாகத் தாண்டிப் போன ஓடையை மாலையில் திரும்பக் கடக்க முடியாமல் போவது இதனால்தான்.

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், மேல்மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் மாறுவது: இவற்றில் எதைக் கண்டாலும் எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மேலே அணை இருக்கிறதா, தண்ணீர் திறக்கும்போது சங்கு ஊதுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றின் நடுவே இருக்கும் பாறையில் போய் உட்கார்ந்து படம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் சட்டென்று விழுந்தால் நம்மை அறியாமலே மூச்சை உள்ளே இழுப்போம். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். எந்த இடத்தில் இறங்கலாம் என்று வீட்டுக்காரர் காட்டினால் அங்கே மட்டும் இறங்குங்கள். குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

5. குடிக்கும் தண்ணீர்

கண்ணாடி போல இருந்தாலும் ஆற்று நீரை அப்படியே குடிக்காதீர்கள். மேலே மேயும் கால்நடைகளின் கழிவு அதில் கலந்திருக்கலாம். தளதளவென்று கொதி வந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம்.

6. வீட்டில் இருக்கும்போது

விறகில் தண்ணீர் காய வைக்கும் வீட்டில் ஒரு வாளி சுடுதண்ணீருக்குப் பின்னால் அரை மணி நேர வேலை இருக்கும். எப்போது குளிக்கப் போகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்கும் அப்படித்தான்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு. நடக்கக் கிளம்பினால் எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரத்துக்கு வராவிட்டால் உங்களைத் தேடி முதலில் கிளம்பப் போவது அவர்கள்தான். சோப்போ ஷாம்போவோ ஆற்றில் வேண்டாம், கீழே இன்னொரு ஊர் அதே தண்ணீரை எடுக்கிறது.

7. கிளம்பும் நாள்

முந்தைய இரவே கணக்கை முடித்து, சில்லறையோடு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். காலி பாட்டில், பேட்டரி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் உங்கள் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள். காலையில் வண்டி ஏறும் முன் பாதை திறந்திருக்கிறதா, ராத்திரி எங்கேயாவது மண் சரிந்ததா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.