சீஸ் ஆன டூ ஸ்ட்ரோக்குக்குப் புதுப் பிஸ்டன் மட்டும் போதாது

போன வாரம் ஒரு தம்பி 125 சி.சி. டூ ஸ்ட்ரோக் ஆஃப்ரோடு பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் புதுப் பிஸ்டன் பெட்டி. "அண்ணா, இதை மட்டும் மாட்டிக் குடுத்தாப் போதும்." ஏன் சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் ஏன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டேன். "பழைய பிஸ்டன்ணா, தேஞ்சிருக்கும்."

பல வருடங்களுக்கு முன் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். பெட்ரோலில் ஆயில் கலக்க மறப்பது, கூலன்ட் இல்லாமல் ஓட்டுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு தடவை செய்தவர் மறுபடி செய்யமாட்டார். செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிற தவறுகள்தான் என்ஜினை அரிக்கின்றன.

காரணம் தேடாமல் புதுப் பிஸ்டன் போடுவது

என் முதல் பைக் சீஸ் ஆனபோது ஆயிலைக் குறை சொன்னேன். வேறு ஆயில் வாங்கி, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை, மறுபடி பிடித்துக்கொண்டது. சரி, பெட்ரோல் போதவில்லை போல என்று கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துவாரம் உள்ள திருகு) போட்டேன். என்ஜின் கொஞ்சம் புகைந்தது, ஆனால் ஓடியது. பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் மூன்றாவது தடவையும் சீஸ். இந்த முறை சிலிண்டரும் போனது.

கடைசியில் பார்த்தால், மேக்னட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் வளையம், காய்ந்து விறைத்துக் கிடந்தது. என் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ரப்பர்.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸ் சும்மா ஒரு பெட்டி இல்லை, அதுதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே இழுப்பு உண்டாகி, கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை வருகிறது. சீல் விட்டிருந்தால் அந்த வழியாகவும் காற்று நுழையும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்து சூடு ஏறுகிறது, ஆயிலும் குறைகிறது. போதாததற்கு அது ஃபில்டரைத் தொடாத காற்று, தூசியோடு நேராக மெயின் பேரிங்குக்குள் போகும்.

பெரிய ஜெட் ஏன் காப்பாற்றவில்லை? மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போது. சீல் வழியாக நுழையும் காற்றோ, ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போதும் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போதும்தான் அதிகம் கடிக்கும். நான் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் கலவை இன்னும் மெலிந்தது, அந்தக் காலையில் கதை முடிந்தது.

இதற்கு முன்கூட்டியே அறிகுறி உண்டு. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் சத்தம் உடனே இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். ஐட்லிங் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. கிளட்ச் பக்கத்து சீல் போனால் வேறு மாதிரி: காற்றுக்குப் பதிலாக கியர் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை தள்ளும், பிளக் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், கியர் ஆயில் அளவு காரணமின்றிக் குறையும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி பிரஷர் டெஸ்ட். சைலன்சர் பக்கத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் அடைத்து, கைப்பம்பால் சுமார் 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றி, சில நிமிடம் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல என்ஜினில் முள் அசையாது. இறங்கினால் சீல், கேஸ்கட், ரீட் வால்வுக்கு (கலவையை உள்ளே மட்டும் விடும் தகடு) முன்னால் இருக்கும் ரப்பர் பூட் எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தம்பியின் பைக்கில் மேக்னட் கவரைக் கழற்றியதும் சீலின் ஓரத்தில் குமிழ் குமிழாக வந்தது. அவன் பிஸ்டன் பெட்டியையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தான்.

இன்னொன்று. சீஸ் ஆனபோது உதிர்ந்த அலுமினியத் துகள் கிராங்க் கேஸுக்குள் விழுந்திருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் மேலே புதுசு போட்டால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கான்ராட்டின் அடிப் பேரிங்குக்கு நாள் குறித்தாயிற்று. கான்ராட்டைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல்கீழாக 'டிக்' என்று ஒரு ஆட்டம் கைக்குத் தட்டுப்பட்டாலே கிராங்கைப் பிரிக்கத்தான் வேண்டும்.

கழற்றிய பிஸ்டனைக் குப்பையில் போடுவது

போடாதீர்கள், அதுதான் சாட்சி. சைலன்சர் பக்கம் மட்டும் உரசல் என்றால் மெலிந்த கலவையைச் சந்தேகியுங்கள். கலவை நுழையும் இன்டேக் பக்கம் மணல் தாளால் தேய்த்ததுபோல் மங்கியிருந்தால் தூசி போயிருக்கிறது. நான்கு இடத்தில் நான்கு கோடாக உரசியிருந்தால், என்ஜின் சூடாகும் முன்னே முறுக்கியிருக்கிறீர்கள்: அலுமினிய பிஸ்டன் சட்டென்று விரிந்துவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருந்தது.

ஆயிலைக் கூட்டினால் ஆயுளும் கூடும் என்று நம்புவது

பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் விகிதம் 40:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில். 32:1 என்றால் சுமார் 31 மில்லி. "இருக்கட்டும், பாதுகாப்புக்கு" என்று ஆயிலைக் கூட்டுகிறவர் ஒன்றை மறக்கிறார். ஜெட்டின் துவாரம் அதேதான். அதில் ஆயில் கூடப் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். அதாவது கலவை மெலிகிறது. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். அப்புறம், கண்ணளவு வேண்டாம், அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடியே வைத்திருப்பது

ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் செய்வது. கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காக்கி இறங்குவார்கள். பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் வருகிற இந்த என்ஜினில், ஆக்சிலரேட்டர் மூடினால் ஆயிலும் கிட்டத்தட்ட நின்றுபோகிறது; என்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளட்சைப் பிடித்து இறங்குங்கள், அல்லது நடுநடுவே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருப்பி விடுங்கள்.

ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவுவது

ஃபோமை ஒட்டிய பசை விட்டுப்போகும். வேண்டாம்.

பிரீமிக்ஸ் செய்துவிட்டு (பெட்ரோலில் ஆயில் கலந்துவிட்டு) கியர் ஆயிலை மறப்பது

அது தனி ஆயில், தனி அறை. மாற்றுங்கள்.

"நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவைப்பது

பிஸ்டன் தேய்ந்தாலும் பைக் ஓடும். மெல்ல மெல்லச் சக்தி குறைவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பழகிவிடும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் தட்டித் தட்டி, ஒரு நாள் அதன் பாவாடைப் பகுதி (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவர்) விரிசல் விட்டு உடைந்து கிராங்குக்குள் விழும். அப்போது பிஸ்டன் விலையில் வேலை முடியாது.

கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. சேற்றில் பத்து கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகலாம். என்ஜின் ஓடிய மணியைக் கணக்கிடும் ஒரு ஹவர் மீட்டர் மாட்டி, பைக்கின் மேனுவலில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுங்கள். கூடவே புது பிஸ்டன் போட்டு என்ஜின் செட் ஆனதும் ஒரு தடவை கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளந்து எழுதி வையுங்கள். எத்தனை என்பதைவிட அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம், அதனால் ஒவ்வொரு முறையும் அதே கேஜ், அதே சூடு, ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்து. என்னுடையதை ஏர் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் படும்.